நிவாரணம் அல்ல, நஷ்டஈடு கேட்கிறோம்!



பக்கத்துக் கொல்லைக்காரன் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு நம்ம வயலில் புகுந்து நாற்றங்காலை மேய்ந்துவிட்டால் என்ன செய்வோம்? மாட்டைப் பிடித்துக் கட்டுவோம். ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிடுவோம். "நான் ஏவி விடலைங்க, கயிறு அறுந்து போச்சு" என்பான் மாட்டுக்காரன். "கயிறும் உன்னது, மாடும் உன்னது, மேஞ்ச நாத்துக்குக் காசை வை" என்பார்கள் பெரியவர்கள். அவன் வேண்டுமென்று செய்தானா, கவனக்குறைவா என்று யாரும் விசாரணைக் கமிஷன் வைப்பதில்லை. இது நம்ம ஊர் நியாயம்.

இதே நியாயம் எண்ணெய்க் குழாய்க்கு ஏன் இல்லை? இதுதான் இந்தத் துண்டறிக்கையில் நாங்கள் கேட்கும் கேள்வி.

2017 ஜூன் 30. தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலம். ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் குழாயில் கசிவு ஏற்பட்டு வயலில் கச்சா எண்ணெய் பரவியது. கலெக்டர் நேரில் வந்து பார்க்கணும் என்று ஊர் சனம் உட்கார்ந்தது. கிடைத்தது தடியடி. பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்டோரைக் கைது செய்து சிறையில் அடைத்தார்கள். அவர்களுக்கு ஜாமீன் கிடைக்க ஆகஸ்ட் மாதம் ஆயிற்று. குழாய் யாருடையது, எண்ணெய் யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் முதலில் வழக்கு பாய்ந்தது ஊர்க்காரர்கள் மேல்!

நம்ம சங்கத்து உறுப்பினர் ஒருவரின் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு ஏக்கர். அதில் ஒரு மூலையில் குழாய். கசிந்தது. கம்பெனி ஆட்கள் பொக்லைன் கொண்டுவந்து கறுப்பாய்ப் போன மண்ணை வழித்து எடுத்தார்கள். எங்கிருந்தோ செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டிச் சமன் செய்தார்கள். ஒரு போகத்து நெல்லுக்கு விலை போட்டு, கையில் ஒரு செக்கும் எதிரில் ஒரு பத்திரமும் வைத்தார்கள். "முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று பத்திரத்தில் எழுதியிருந்தது. மகள் கல்யாணச் செலவு தலைக்கு மேல நின்றது. போட்டுவிட்டார் கையெழுத்து. அடுத்த மூன்று போகமும் அந்த மூலையில் தூர் கட்டவில்லை. கேட்கப் போனால் பத்திரத்தைக் காட்டுகிறார்கள். வயலைக் குத்தகைக்கு உழுதவருக்கும் களை எடுத்த பெண்களுக்கும் அந்தச் செக்கில் ஒரு காசு பங்கு கிடையாது. பட்டாவில் பெயர் இல்லையாம்.

இதை நஷ்டஈடு என்கிறார்கள். புயலுக்கும் வெள்ளத்துக்கும் அரசாங்கம் கொடுப்பது நிவாரணம். அதைக் கொடுப்பவர் மனசுப்படி கொடுப்பார், குறைத்தாலும் கேட்க முடியாது. நஷ்டஈடு வேறு. கெடுத்தவன் கொடுக்க வேண்டியது. எவ்வளவு கெட்டதோ அவ்வளவு. ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் கம்பெனிகளின் லாபம் இருக்கிறது.

எண்ணூரில் நடந்ததைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மணலியில் உள்ள சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் போனது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி மரம் எல்லாம் தார் பூசின மாதிரி ஆயிற்று. மீனவக் குடும்பத்துக்கு ரூ.12,500, படகுக்கு ரூ.10,000, மற்றக் குடும்பங்களுக்கு ரூ.7,500 என்று அறிவித்தது யார்? மாநில அரசாங்கம்! எண்ணெய் ஆலையின் எண்ணெய், அறிவிப்பு மட்டும் அரசாங்கத்தின் பேரில். பெருமழை வெள்ளம்தான் காரணம் என்ற பேச்சு அப்போது நிறைய அடிபட்டது. மாட்டுக்காரன் சொன்ன கயிறு கதைதான் இது.

சரி, உலகத்தில் எங்கேயும் இதற்குச் சட்டமே இல்லையா? இருக்கிறது. கடலில் இருக்கிறது. "கடல்ல கப்பல் கவிழ்ந்தா நமக்கென்னங்க" என்று தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். நம்ம வயலுக்கு வேண்டியது அதில் இருக்கிறது.

1967 மார்ச் 18-ல் 'டோரி கேன்யன்' என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கு அருகே பாறையில் மோதியது. ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. இங்கிலாந்தும் பிரான்சும் நாறிப்போயின. யாரைக் கேட்பது? கப்பல் ஒரு நாட்டுக் கொடியில் ஓடுகிறது, முதலாளி வேறு நாட்டில், வாடகைக்கு எடுத்தவன் இன்னொரு நாட்டில். பெரிய நாடுகளுக்கே இந்தக் கதி வந்த பிறகுதான் சட்டம் பிறந்தது. 1969-ல் ஓர் உடன்படிக்கை, 1971-ல் ஒரு நிதி, 1992-ல் இரண்டையும் பலப்படுத்திப் புதுப்பித்தார்கள். இந்தியாவும் அதில் கையெழுத்திட்ட நாடு. நம் வணிகக் கப்பல் சட்டத்திலேயே, 1958 சட்டத்திலும் சரி, அதன் இடத்துக்கு 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுச் சட்டத்திலும் சரி, இதற்கென்று தனிப் பகுதி உண்டு.

அந்தச் சட்டம் சொல்வது நம்ம ஊர் நியாயம்தான். எண்ணெய் உன் கப்பலிலிருந்து வந்ததா? நீ கொடு. தப்பு உன் மேல் என்று பாதிக்கப்பட்டவன் நிரூபிக்க வேண்டியதில்லை. யுத்தம், மனுஷ சக்தியால் தடுக்கவே முடியாத இயற்கைச் சீற்றம், வேறொருவன் வேண்டுமென்றே செய்த நாசவேலை, கலங்கரை விளக்கு போன்றவற்றைப் பராமரிக்காத அரசின் கவனக்குறைவு என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சில காரணங்கள்தான் தப்பிக்க வழி. அதையும் கப்பல்காரன்தான் நிரூபிக்கணும். 2,000 டன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றும் கப்பல் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடக்கூடாது. கப்பல்காரன் ஓடிப்போனாலும் இன்சூரன்ஸ் கம்பெனி மேலேயே நேராக வழக்குப் போடலாம். அதுவும் பத்தாமல் போனால் சர்வதேச நிதி இருக்கிறது. ஒரு விபத்துக்கு 20 கோடியே 30 லட்சம் எஸ்.டி.ஆர். வரை, அதாவது நம்ம பணத்தில் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கிடைக்கும். இந்த நிதிக்குப் பணம் போடுவது யார்? வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கடல் வழியாக எண்ணெய் இறக்குகிற கம்பெனிகள். உலகத்திலேயே அதிகமாகப் பங்கு கட்டும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கணும் விவசாயிகளே. கொரியாவில் கப்பல் உடைந்தால் அந்த மீனவனுக்குப் போகிற பணத்தில் நம்ம நாட்டு எண்ணெய்க் கம்பெனிகளின் பங்கும் இருக்கிறது. அது சரிதான், அந்த மீனவனும் நம்மைப் போல உழைப்பாளிதான், போகட்டும். ஆனால் அதே எண்ணெய் துறைமுகத்தில் இறங்கிக் குழாயில் ஏறி நம்ம வரப்புக்கு அடியில் ஓடும்போது உடைந்தால், அந்தச் சட்டம் அங்கேயே கரையில் நின்றுவிடுகிறது. எண்ணெய் மாறவில்லை. சட்டம் மாறிவிடுகிறது.

அந்தக் கடல் சட்டத்தில் விவசாயியே பணம் வாங்கியிருக்கிறான் தெரியுமா? 1993 ஜனவரி 5-ல் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவில் 'பிரேயர்' என்ற கப்பல் கரை தட்டியது. ஏறக்குறைய 85,000 டன் கச்சா எண்ணெய். பயங்கரமான சூறைக்காற்று. எண்ணெயை அலையிலிருந்து வாரித் தூவானம் மாதிரி அடித்துக்கொண்டுபோய் மேய்ச்சல் நிலத்திலும் தோட்டத்திலும் கொட்டியது காற்று. ஆடு மேய்க்கிறவர்கள் தவித்துப்போனார்கள். எண்ணெய் படிந்த புல்லுக்கும் பயிருக்கும், அதற்குப் பதில் வாங்கிப் போட்ட தீவனத்துக்கும் அந்த நிதியிலிருந்து நஷ்டஈடு கொடுத்தார்கள். யாருடைய கவனக்குறைவு என்று அந்த ஆட்டுக்காரர் கோர்ட்டில் நின்று வாதாட வேண்டியிருக்கவில்லை. எண்ணெய் வந்தது, புல் கெட்டது, தீவனம் வாங்கினேன், இதோ ரசீது. அவ்வளவுதான்.

ஆனால் ரசீது இல்லாதவன் கதை? அதையும் மறைக்காமல் சொல்கிறோம். 2007 டிசம்பர் 7-ல் தென் கொரியாவில் தேயான் கரைக்கு எதிரே 'ஹெபெய் ஸ்பிரிட்' கப்பல் மேல் கிரேன் ஏற்றிய மிதவை மோதி 10,000 டன்னுக்கு மேல் எண்ணெய் கொட்டியது. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன. அலை வடிந்த சேற்றில் வெறுங்கையால் மட்டி பொறுக்கிப் பிழைக்கிற சனம் அங்கே ஏராளம். அவர்களிடம் லைசென்ஸ் எங்கே, பில் எங்கே, கணக்கு எங்கே என்ற கேள்வி வந்தபோது பலரும் திணறிப்போனார்கள். வாரத்துக்கு உழுகிற நம்ம ஆட்களுக்கும் கூலிக்குப் போகிற பெண்களுக்கும் நாளைக்கு இதே கேள்விதான் வரும். சட்டம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, சாட்சி வேண்டும்.

கரையில் ஓடும் குழாய்க்கு நம் நாட்டில் இருக்கிற சட்டம் எது? பெட்ரோலியக் குழாய்ச் சட்டம், 1962. நிலம் நம் பேரிலேயே இருக்குமாம், அடியில் குழாய் பதிக்கிற 'பயன்பாட்டு உரிமை' மட்டும் அவர்களுக்காம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குழாய் போன பாதையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. இதற்கு விலை, நிலத்தின் மார்க்கெட் மதிப்பில் 10 சதவீதம் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். குழாய் பதிக்கும்போதும் பழுது பார்க்கும்போதும் பயிர் சேதமானால் அதற்கு ஈடு உண்டு. கொடுக்கும் தொகை பத்தாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். ஆனால் பத்து வருஷம் கழித்துக் குழாய் வெடித்து மண்ணும் போர்வெல் தண்ணியும் கெட்டால் அதை எப்படிக் கணக்கிடுவது, எத்தனை போகத்துக்கு, மண்ணை யார் திருத்திக் கொடுப்பது என்று சொல்லும் தனிப் பிரிவு அதில் கிடையாது.

அடுத்தது பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1991. போபால் விஷவாயுக்குப் பிறகு வந்த சட்டம். குற்றத்தை நிரூபிக்காமலே கலெக்டரிடம் மனுக் கொடுத்து நிவாரணம் வாங்கலாம் என்கிறது. நல்ல சட்டம்தானே? தொகையைக் கேளுங்கள். உயிர் போனால் ரூ.25,000. சொத்துச் சேதத்துக்கு அதிகபட்சம் ரூ.6,000. முப்பது வருஷத்துக்கும் மேலாக இந்தத் தொகை அசையவே இல்லை! ஓர் ஏக்கர் நடவுச் செலவுக்கே அந்த 6,000 சரியாப் போகும். 2023-ல்தான் சட்டத்தில் கை வைத்தார்கள். இன்னொரு வேடிக்கை. அபாயகரமான பொருளைக் 'கையாளுதல்' என்றால் என்ன என்று 1991-ல் விளக்கம் எழுதியபோது, தயாரிப்பது, சேமிப்பது, வாகனத்தில் கொண்டுபோவது என்று வரிசையாக எழுதினார்கள். குழாயில் கொண்டுபோவது என்று எழுதவில்லை. கம்பெனி வக்கீலுக்கு இது போதாதா? இந்தச் சட்டத்தின் கீழ் சுற்றுச்சூழல் நிவாரண நிதி என்று ஒன்று சேர்த்தார்கள். பாதிக்கப்பட்டவன் தெருவில் நிற்க, அதில் பல நூறு கோடி ரூபாய் செலவழியாமலே பல வருஷம் கிடந்தது.

டெல்லியில் 1985-ல் ஸ்ரீராம் ஆலையில் வாயு கசிந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் சொன்ன தீர்ப்பு, கடல் சட்டத்தையும் தாண்டியது. அபாயமான தொழில் நடத்துகிறவன் எந்தச் சாக்கும் சொல்லித் தப்ப முடியாது, கம்பெனி எவ்வளவு பெரிசோ நஷ்டஈடும் அதற்குத் தக்கபடி இருக்கணும் என்றது கோர்ட். அந்தத் தீர்ப்பு வந்த நாட்டில்தான் 6,000 ரூபாய்க்குச் சட்டம் எழுதினார்கள்.

நம் கையில் இப்போது இருக்கும் நல்ல ஆயுதம் பசுமைத் தீர்ப்பாயம். 2010-ம் வருஷத்துச் சட்டம். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இங்கேயும் விபத்து என்றால் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. எதெதற்கெல்லாம் நஷ்டஈடு கேட்கலாம் என்று அந்தச் சட்டத்தின் பின்னாடி ஓர் அட்டவணை உண்டு. பயிர், காய்கறி, மரம், தோப்பு இருக்கிறது. கறவை மாடும் உழவு மாடும் இருக்கிறது. மண்ணையும் தண்ணீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிற செலவு இருக்கிறது. வேலை இழப்பும் இருக்கிறது. அதாவது பட்டா இல்லாத கூலிக்காரப் பெண்ணும் கேட்கலாம்! ஐந்து வருஷத்துக்குள் கேட்கணும். கேட்கும் தொகையில் 1 சதவீதம் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது கிடையாது. இத்தனை இருந்தும் நாற்று விடுகிற நேரத்தில் சென்னைக்கு ரயில் ஏறி வக்கீலைத் தேடி அலைய நம்மில் எத்தனை பேரால் முடியும்?

முடியும் என்று காட்டியவர்கள் உண்டு. ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டில் நைஜர் ஆற்றின் டெல்டா. நம்ம காவிரி டெல்டா மாதிரி வாய்க்காலும் வயலும் மீன் குட்டையும். அங்கே ஷெல் கம்பெனியின் குழாய்கள் உடைந்து கோய், ஒருமா, இக்காட் அடா உடோ என்ற மூன்று கிராமங்களின் வயலும் குளமும் கெட்டன. 2008-ல் நான்கு விவசாயிகள், நெதர்லாந்து நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றின் துணையோடு, கம்பெனியின் தலைமையகம் அப்போது இருந்த ஹேக் நகரத்துக்கே போய் வழக்குப் போட்டார்கள். "திருடங்க குழாயை உடைச்சாங்க, நாங்க பொறுப்பில்லை" என்றது கம்பெனி. நாசவேலை என்று சொன்னால் அதை ஐயத்துக்கு இடமில்லாமல் நீதான் நிரூபிக்கணும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 2021 ஜனவரி 29-ல் தீர்ப்பு விவசாயிகள் பக்கம் வந்தது. ஒருமா கிராமத்துக் குழாயில் கசிவு கண்டுபிடிக்கும் கருவி பொருத்தவும் உத்தரவானது. 2022 டிசம்பரில் ஒன்றரைக் கோடி யூரோ கொடுக்கக் கம்பெனி ஒத்துக்கொண்டது. வழக்குப் போட்டவர்களில் சிலர் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. பதிமூன்று வருஷம் என்பது ஒரு விவசாயியின் ஆயுசில் சின்னக் கணக்கா?

அதனால்தான் கோர்ட்டுக்குப் போகாமலே கிடைக்கிற சட்டத்தைக் கேட்கிறோம். குழாயில் ஓடுவது கச்சா எண்ணெயோ பெட்ரோலோ எரிவாயுவோ, கசிந்தால் குழாய்க்காரன் கொடுக்கணும், தவறை நாம் நிரூபிக்கத் தேவையில்லை என்று 1962 சட்டத்திலேயே எழுது! கப்பலுக்கு இருப்பது போலக் குழாய்க்கும் கட்டாய இன்சூரன்ஸ் வை! கசிந்த முப்பது நாளுக்குள் முன்பணம் கொடு! ஒரு போகத்துக் கணக்கை நாங்கள் ஏற்க மாட்டோம். மண் பரிசோதனையில் மண் தேறியது என்று வரும் வரைக்கும் போகத்துக்குப் போகம் கொடு! குத்தகைதாரருக்கும் கூலித் தொழிலாளிக்கும் பங்கைச் சட்டத்தில் சொல்! "இனி கோரிக்கை இல்லை" என்று எழுதி வாங்கும் பத்திரம் செல்லாது என்று அறிவி!

2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டார்கள். வரவேற்றோம், இப்போதும் வரவேற்கிறோம். ஆனால் அது புதிதாக வருவதைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கிணறுகளுக்கும் ஏற்கெனவே புதைத்த குழாய்க்கும் அது பூட்டுப் போடவில்லை. மண்ணுக்குள் இருப்பது வருஷா வருஷம் துருப்பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

சட்டம் வரும்போது வரட்டும், கசிவு காத்திருக்காது. குழாய் போகிற பாதையில் வயல் உள்ளவர்கள் இப்போதே ஒரு நோட்டுப் போட்டு, போகத்துக்குப் போகம் என்ன நட்டோம், எத்தனை மூட்டை கண்டது, யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று எழுதி வையுங்கள். நேரடி கொள்முதல் நிலையத்து ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு தடவையாவது மண்ணையும் தண்ணியையும் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து அட்டை வாங்கி வையுங்கள். கெடுவதற்கு முன்னாடி எப்படி இருந்தது என்று காட்ட அதுதான் சாட்சி. வாய்மொழிக் குத்தகைக்காரர்கள் சாகுபடி அடங்கலில் தங்கள் பெயரை ஏற்றச் சொல்லி வி.ஏ.ஓ.விடம் எழுத்திலே கேளுங்கள், மறுத்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம்.

கசிந்துவிட்டால் முதலில் ஆட்களையும் மாட்டையும் தூர விலக்குங்கள். அடுப்பு, பீடி, மோட்டார் சுவிட்ச் எதுவும் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்கும் தாசில்தாருக்கும் போன் செய்யுங்கள். கறுத்த மண்ணை அள்ளுவதற்கு முன்னால் செல்போனில் தேதியோடு படம் எடுங்கள். மண் மாதிரி எடுக்கும்போது வி.ஏ.ஓ., கம்பெனி ஆள், நம்ம ஆள் மூவரும் இருக்கணும், மூன்று பொட்டலம் கட்டி, ஒன்று நம்ம கையில் இருக்கணும். எந்தத் தாளிலும் அன்றைக்கே கையெழுத்து வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தவர் ஒருவரை வைத்துப் படித்துப் பாருங்கள்.

கோரிக்கை மனு அச்சடித்துக் கிளைச் சங்கங்களில் கொடுத்திருக்கிறோம். நிலம் உள்ளவர், குத்தகைக்காரர், கூலிக்காரர் மூவருக்கும் தனித்தனித் தாள். சர்வே நம்பரையும் போன மூன்று போகத்து விளைச்சலையும் நிரப்பிக்கொண்டு, அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று காலையில் கலெக்டர் ஆபீசுக்கு வந்து சேருங்கள். பெண்களும் வாங்க. மனுவின் நகலில் தேதி போட்ட முத்திரை விழாமல் யாரும் எழுந்து வெளியே வர வேண்டாம்.